ஒன்றரை டிகிரி மூச்சு

அசையக் கூடாது, பேசக் கூடாது, விசிறி போடக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது, இன்னும் முப்பத்தோரு நிமிஷம். இதை அண்ணன் குரலில்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மனசுக்குள், உதட்டைக்கூட அசைக்காமல். "அதாவது சுகி, மனுஷ உடம்புங்கறது அதாவது ஒரு ஹீட்டர், சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட், நீ ஒல்லி, உனக்கு எண்பது போட்டுக்கலாம்." நிரஞ்சன் அண்ணனுக்கு இருபத்தஞ்சு வயசு, பேச்சில் நாலு சொல்லுக்கு ஒரு அதாவது, மூக்கின் வழியாகப் பாதி, தொண்டையின் வழியாகப் பாதி, அந்தக் குரலை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே பிடித்துவிட்டேன், அம்மாவே ரெண்டு தடவை ஏமாந்து சாப்பாடு எடுத்துவைத்திருக்கிறாள். அறைக்குள் ஒரு ஆள்தான் இருக்கலாம் என்பது அவன் சட்டம், அந்த ஒரு ஆள் நான், ஏனென்றால் நான் எண்பது வாட். அவன் வெளியே ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். கதவுக்கு அடியில் ஈரமில்லாத துண்டு, ஜன்னல் இடுக்கில் பேப்பர், சனிக்கிழமை மதியம் மூணேகாலுக்கு ஆரம்பித்தது, ஏப்ரல் மாசம், கோயம்புத்தூர் முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருக்கும், எங்கள் ஏசியை மட்டும் அணைத்துவைத்திருக்கிறோம், அது நின்று நின்று ஓடும், அறையின் சூடு ஏறி இறங்கும், கணக்குக் கெட்டுவிடும். முதுகில் ஒரு சொட்டு வியர்வை தண்டுவடத்தைப் பிடித்து இறங்குகிறது, அதையும் தடவக் கூடாது. எனக்கு முன்னால் மேஜையில் அம்மாவின் பழைய தூக்குப்போசி, மூடியில் ஓட்டை போட்டு உள்ளே வெந்நீர் போடுகிற ஹீட்டர் கம்பியை இறக்கியிருக்கிறான், கம்ப்யூட்டரைத் தண்ணீரால் ஆற்றுகிற ரேடியேட்டருக்குத்தான் இந்த டெஸ்ட், அந்த முந்நூறு வாட்தான் கம்ப்யூட்டர், நிஜக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, சூடுதான் வேண்டும். சூடான தண்ணீரைச் சின்னப் பம்ப் தள்ளுகிறது, தண்ணீர் ட்யூப் வழியாக ரேடியேட்டருக்குள் போகிறது, அதில் மாட்டிய மூணு குட்டி விசிறி காற்றை உள்ளே இழுத்து அதை ஆற்றுகிறது, ஆறியது மறுபடி தூக்குப்போசிக்கு வருகிறது. தண்ணீரின் சூட்டிலிருந்து அறைக் காற்றின் சூட்டைக் கழித்தால் ஒரு எண் வரும். எண் சின்னதாக இருந்தால் ரேடியேட்டர் நல்லது. அவ்வளவுதான் விஷயம், அஞ்சாம் வகுப்புக் கழித்தல். அந்த எண்ணைக் காட்டுகிற மீட்டர்ப் பெட்டியின் பச்சை எழுத்தில் இப்போது ஆறு புள்ளி ரெண்டு. ஏறும். நாற்பது நிமிஷம் ஏறி ஒரு இடத்தில் நிற்கும், அது எங்கே நிற்கும் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் பயம்.

ஏனென்றால் நேற்று அது எட்டு புள்ளி ஆறில் நின்றது. நேற்று இதே நேரம், இதே நாற்காலி, இதே ரேடியேட்டர், வெள்ளிங்கிரி அண்ணன் செய்தது. அதற்கு முந்தின நாள் வெளிநாட்டு ரேடியேட்டர், கறுப்புப் பெயிண்ட், பெட்டியில் நுரை மெத்தை, அது ஒன்பது புள்ளி ஆறு. வெளிநாட்டை ஒரு டிகிரி ஜெயித்துவிட்டது கணபதி ஏரியாவில் ஒரு ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதி ஒட்டிய பித்தளைப் பெட்டி. அண்ணன் பனியனோடு மொட்டை மாடிக்கு ஓடினான், அங்கிருந்து வெள்ளிங்கிரி அண்ணனுக்குப் போன் பண்ணினான், இறங்கி வந்து என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான், "அதாவது காத்து சூடு ஏறியும் தண்ணி ஏறலை பாரு சுகி, எப்படி இழுக்குது பாரு." காத்து சூடு ஏறியும். ஏன் ஏறியது என்று அவன் யோசிக்கவில்லை, பக்கத்து லேத் பட்டறைத் தகரத்தில் வெயில் பட்டு அடித்திருக்கும் என்று அவனே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். நான் தலையாட்டினேன். அந்த நேரம் எனக்கே தெரியாது, சத்தியமாகத் தெரியாது, ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் கண்ணாடியில் என் மூச்சு பட்டு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது, பிரஷ் வாயில் நின்றுவிட்டது. காற்றின் சூட்டைப் பார்க்கிற வயர், தலைமுடி கனம், நுனியில் கடுகு மாதிரி ஒரு மணி, அது கேமரா ஸ்டாண்டிலிருந்து ரேடியேட்டருக்கு முன்னால் தொங்குகிறது. எங்கே தொங்குகிறது என்றால் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் சரியாக என் வாய்க்கு எதிரே. மேலேயிருந்து தொங்குகிற, நுனியில் குமிழ் வைத்த ஒரு வயர் வாய்க்கு எதிரே வந்தால் என்னைப் போன்ற ஒருத்தி என்ன செய்வாள். மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ. நாற்பது நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னால் எனக்கு நாக்கு அரிக்கும். கடைசிப் பத்து நிமிஷம், சராசரி எடுக்கிற அதே பத்து நிமிஷம், குசுகுசுவென்று வெளியே கேட்காத குரலில் மொத்த நிகழ்ச்சியையும் நடத்தினேன்: கோயில் மைக்கில் "பச்சைக் கலர் ஸ்கூட்டரை வழியிலிருந்து எடுக்கவும்", டவுன் பஸ் கண்டக்டர், கேஸ் சிலிண்டர்காரர், கெமிஸ்ட்ரி மேடம், "நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர்" அம்மணி, கடைசியாக, நேற்றைய சிறப்பு விருந்தினராக, வெள்ளிங்கிரி அண்ணன். "ஏனுங் சார், எவ்ளோ வந்துச்சுங்?" அதைச் சொல்லும்போது உதடு மணியைத் தொடுகிற தூரம். அவர் குரலே அவர் எண்ணைக் குறைத்தது. காற்று சூடாகிவிட்டது என்று வயர் நம்பியது, கழித்தல் சின்னதாகிவிட்டது, நான் எண்பது வாட் இல்லை, பேசினால் நூற்றைம்பது.

ஏழு புள்ளி ஒன்று. மின்சார மீட்டர் இருநூற்று தொண்ணூற்று நாலுக்கு இறங்குகிறது, லேத்தில் எதையோ கனமாகப் பிடித்துவிட்டார்கள், வோல்டேஜ் விழுகிறது. நான் இங்கே இருப்பதற்குக் காரணமே இதுதான், பக்கத்தில் ஒரு திருகு வைத்த பெட்டி, வலது பக்கம் ஒரு நூல் திருப்பினால் மீட்டர் மறுபடி முந்நூறுக்கு வரும். திருப்புகிறேன். முந்நூறு. திருட்டுத்தனம் எனக்குப் புதிதில்லை, பி.டி. சாருக்கு ஹெச்.எம். குரலில் போன் போட்டு மொத்த ஒன்பதாம் வகுப்புக்கும் கிரவுண்ட் வாங்கிக்கொடுத்தேனே அன்றைக்கு ஒரு துளி வியர்க்கவில்லை, சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு சிரிப்பு வரவில்லை. வெள்ளிங்கிரி அண்ணன் காலையில் போன் பண்ணினார், அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான், இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம். அவருக்குப் பத்தொன்பது வருஷமாகக் குறிச்சிப் பக்கம் ஒரு கம்பெனியில் லாரி ரேடியேட்டருக்குப் பற்றவைக்கிற வேலை. வேலையை விடுகிறேன் என்று லெட்டர் எழுதிவிட்டாராம், அவர் பெண் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தாளாம், சட்டைப் பையில் இருக்கிறதாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒருத்தர் வெளிநாட்டு ரேடியேட்டரை ஜெயித்தால் நூறு எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார், நூறு செய்ய வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது, வேலையை விட்டாக வேண்டும். அண்ணன் கொஞ்சம் இழுத்தான், "அதாவது ஒரு ரீடிங்கை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்கண்ணா, இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன், அதாவது அதேதான் வரும், இருந்தாலும்." அவர், மேனேஜர் சனிக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பிருவாருங், அதுக்குள்ள சொல்லீருங் சார், இல்லீன்னா அடுத்த மாசம் ஆயிரும் என்றார். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது, அவர் இடத்துக்கு மூணு பேர் நிற்கிறார்கள் என்று அம்மா கேட்டதற்குச் சொன்னார், பெருமையாகத்தான் சொன்னார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் முழுக்க இட்லி இருந்தது, விழுங்கி முடிப்பதற்குள் அண்ணன் போனை வைத்துவிட்டான் என்பது ஒரு காரணம் என்றால் கெமிஸ்ட்ரி மேடம் என்ன சொல்வாள். "சுகிர்தா, எக்ஸ்கியூஸ் எல்லாம் எக்ஸாமினர்கிட்ட சொல்லு."

ஏழு புள்ளி ஒன்பது. அந்த மேடம் பெரிய யோக்கியம். பிராக்டிகலில் பியூரெட்டைப் பிடிப்பதற்கு முன்னாலேயே ரெக்கார்டு நோட்டில் பத்தொன்பது புள்ளி எட்டு, பத்தொன்பது புள்ளி எட்டு என்று மூணு தடவை எழுதிவிட்டுத்தான் எல்லோரும் ஆசிட்டையே தொடுவோம், மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் போய்விடுவாள், ரீடிங் குக் பண்ணுவது என்று அதற்குப் பெயரே உண்டு, யாரும் செத்ததில்லை. ஆசிட்டுக்குச் சட்டைப் பையும் லெட்டரும் கிடையாது. எட்டு புள்ளி ஒன்று. அண்ணன் போன் மேஜையில் மீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருக்கிறது, அதில் நேரம் பின்னோக்கி ஓடுகிறது, இருபத்து மூணு நிமிஷம் நாற்பது விநாடி. பேட்டரி உப்பிப்போன போன், சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் அரை நிமிஷத்தில் செத்துவிடும், அந்த ஒயரும் ஒரு முழம்தான். புதுசு வாங்கு என்று அம்மா சொன்னால் ரேடியேட்டர் டெஸ்ட் முடியட்டும் என்பான். அவன் வேலையை விட்டு எட்டு மாசம் ஆகிறது, இந்த அறையில் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு வருகிற எண்ணை வெப்சைட்டில் எழுதுகிறான், உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதைப் படித்துவிட்டு ரேடியேட்டர் வாங்குகிறார்கள், ஒருத்தன் போலந்து, ஒருத்தன் பினாங்கு. உன் நம்பரை நம்பி வாங்கினேன், சொன்ன மாதிரியே வருகிறது என்று போலந்துக்காரன் எழுதினதை அண்ணன் பிரிண்ட் எடுத்து பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறான், இதோ எனக்கு நேராக. அந்தப் பேப்பரைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பினால் ரேடியேட்டர். வெள்ளிங்கிரி அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் வண்டியில் காலுக்கு நடுவில் வைத்துப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தபோது பெயிண்ட் இல்லை, பித்தளை பித்தளையாகவே இருந்தது, செம்புத் தகடெல்லாம் மெல்லிசு, ஒன்றுகூட வளையவில்லை. தொடட்டுமா என்று கேட்டேன். "தொட்டுப் பாரு அம்முணி, கடிக்காது" என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையில் ஒரு சின்னக் கனைப்பு, பத்தொன்பது வருஷம் பற்றவைப்புப் புகை குடித்த கனைப்பு. அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அந்தக் கனைப்பை நான் பிடித்துவிட்டேன். அண்ணன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தான். ஒரு குரலைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் தொண்டை எங்கே இறுகுகிறது என்று தெரிய வேண்டும், தெரிந்துவிட்டால் அப்புறம் அதைத் தெரியாமல் ஆக்க முடியாது. எவ்ளோ வந்துச்சுங் என்று கேட்கும்போது அவருக்கு 'வந்து'வில் இறுகும்.

எட்டு புள்ளி ஆறு. வந்துவிட்டது, நேற்றைய எண், இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கிறது, இங்கேயே நின்றுவிடேன், என் கண்ணல்ல, நில்லு. ஒருவேளை நேற்று என் மூச்சு ஒன்றுமே செய்யவில்லையோ, மூச்சு என்ன அடுப்பா, ஒருவேளை நான்தான் பெரிய ஆள் மாதிரி நினைத்துக்கொண்டு. எட்டு புள்ளி ஏழு. நிற்கவில்லை. மணி என் வாய்க்கு ஒரு ஜாண் தூரத்தில் தொங்குகிறது, நான் நாற்காலியை நேற்றைவிடப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன், மூக்கை ஒரு பக்கம் திருப்பியே உட்கார்ந்திருக்கிறேன், கழுத்து வலிக்கிறது. ஒரு ஜாண் முன்னால் குனிந்தால் போதும். பேசக்கூட வேண்டாம். சும்மா மூச்சு விட்டால் போதும், மூச்சு விடுவது குற்றமா, எல்லோரும்தான் விடுகிறார்கள். கோயில் மைக்காரர் வந்துவிட்டார், "பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு, எட்டு புள்ளி ஆறு என்ற எண்ணைத் தொலைத்தவர்கள் மேடைக்கு அருகில் வந்து பெற்றுக்கொள்ளவும்." அம்மா வந்துவிட்டாள், "ஏண்டி, அவன் எட்டு மாசத்துல ஒரு நாள் சிரிச்சான், அதக் கெடுக்கணுமா." ஊதினால் யாருக்கும் தெரியாது. ரெண்டு நாளும் ஒரே எண். அண்ணன் போலந்துக்கும் பினாங்குக்கும் எழுதுவான். வெள்ளிங்கிரி அண்ணன் நாலு மணிக்குள் லெட்டரைக் கொடுப்பார். நூறு ரேடியேட்டர் செய்வார். பெங்களூர்க்காரர் அதில் ஒன்றைப் பிரித்துத் தானே ஓட்டிப் பார்ப்பார், அங்கே யாரும் மைக் டெஸ்டிங் பண்ண மாட்டார்கள். பத்து வரும். நூறையும் திருப்பி அனுப்புவார். ஷெட் முழுக்கப் பித்தளை. குறிச்சியில் அவர் இடத்தில் வேறொருவன் பற்றவைத்துக்கொண்டிருப்பான். நான் அவரை இன்னும் நன்றாக மிமிக்ரி பண்ணலாம், வேலை போன பிறகு ஒரு குரல் எப்படி மாறுகிறது என்று. இவ்வளவும் தெரிந்தும் குனிந்தேன். நிஜமாகவே குனிந்தேன், உதடு திறந்துவிட்டது, மணி கண்ணுக்கு ரெண்டாகத் தெரிந்தது, எட்டு புள்ளி ஒன்பது என்பது எட்டு புள்ளி எட்டானது, ஒரே ஒரு மூச்சுக்கு. அய்யோ எவ்வளவு சுலபம். நாற்காலியோடு பின்னால் தள்ளிக்கொண்டேன், கால் டைல்ஸில் தேய்ந்து சத்தம் வந்தது. வெளியே அண்ணன், என்ன ஆச்சு என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறான். பதில் சொல்லக் கூடாது, அவன் சட்டம்தான், ஒரு தட்டுத் தட்டினால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், ரெண்டு தட்டினால் வா என்று அர்த்தம். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். ரெண்டாவது தட்டுக்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது, நின்று, மடிக்கு வந்துவிட்டது.

ஒன்பது புள்ளி மூணு. ஒன்பது புள்ளி நாலு. விசிறிச் சத்தம் ஒரே சுருதியில் போகிறது, அதையும் என்னால் செய்ய முடியும், பல்லுக்கு நடுவில் நாக்கை வைத்து. செய்யவில்லை. ஒன்பது புள்ளி ஆறு, வெளிநாட்டைத் தொட்டுவிட்டது. ஒன்பது புள்ளி ஏழு, வெளிநாட்டைத் தாண்டிவிட்டது, தோற்றுவிட்டது. இதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்ததே அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, முடிந்தது, எண்ணே சொல்லிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டாம், நேற்று எட்டு புள்ளி ஆறு, இன்று பத்து, அண்ணன் தலையைச் சொறிவான், எங்கேயோ காற்றுக் குமிழ் மாட்டியிருக்கும் என்பான், மூணாவது தடவை ஓட்டுவான், நாலாவது தடவை ஓட்டுவான், என் பெயர் எங்கேயும் வராது. மணி மூணு நாற்பத்தெட்டு. அப்போது போன் நடுங்கியது. மேஜை மேல் ஒரு வண்டு மாதிரி நடுங்கி நகர்ந்தது, கடிகாரம் மறைந்து திரையில் 'வெள்ளிங்கிரி ரேடியேட்டர்' என்று வந்தது. எடுக்கக் கூடாது. நாலு மணிக்குத்தானே, இன்னும் நேரம் இருக்கிறதே, ஏன் இப்போதே. அடித்து அடித்து நின்றது. கடிகாரம் திரும்ப வந்தது, ஆறு நிமிஷம் ஐம்பது. சரி, அண்ணன் முடித்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்வான். மறுபடி நடுங்கியது. ரெண்டு தடவை அடிக்கிற ஆள் இல்லை அவர், ஒரு தடவை அடித்து எடுக்காவிட்டால் தொந்தரவு பண்ணிவிட்டோமோ என்று அரை மணி நேரம் காத்திருக்கிற ஆள். ரெண்டாவது தடவை அடிக்கிறார் என்றால் ஏதோ அவசரம், எடுக்கவில்லை என்றால் காலையில் சொன்னதை வைத்து முடிவு பண்ணிவிடுவார், அதேதான் வரும் என்று அண்ணன் சொன்னானே, அதேதான் வரும். கதவைத் திறந்து அண்ணனிடம் கொடுக்கலாமென்றால் ஒயர் ஒரு முழம், பிடுங்கினால் போன் செத்துவிடும், கதவைத் திறந்தால் இந்த நாற்பது நிமிஷமும் செத்துவிடும். குனிந்து போன் திரையில் பச்சைப் பட்டனைத் தொட்டேன். என் முகம் மீட்டருக்குப் பக்கத்தில், மணிக்குப் பக்கத்தில்.

"ஏனுங் சார், வெள்ளிங்கிரி பேசறனுங்" என்று கனைப்போடு ஆரம்பித்தார், பின்னால் பிரஸ் மெஷின் டங் டங்கென்று இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் இன்றைக்கு சீக்கிரமாகவே கிளம்புகிறாராம், காரை எடுக்கச் சொல்லிவிட்டாராம், இவர் ரூம் வாசலில் நிற்கிறாராம். "லெட்டரு கைலதான் இருக்குதுங். குடுத்தரட்டுங்களா?" நான் வாயைத் திறந்தேன், என் வாய்க்கு என்னைவிட வேகம் அதிகம், அதிலிருந்து அண்ணன் வந்தான், பாதி மூக்கு, பாதி தொண்டை, ஒரு நூல் பிசகாமல். "அதாவது, வேண்டாங்கண்ணா. இன்னைக்குக் குடுக்காதீங்க." அப்பாடா. அவ்வளவுதான். இதை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை, என் வாழ்க்கையிலேயே நல்ல மிமிக்ரி இதுதான், ஒரு ஆள் வேலையைக் காப்பாற்றிவிட்டேன், யாருக்கும் ஒன்றும் தெரியாது, போனை வைத்துவிட வேண்டியதுதான். "ஏனுங் சார்?" என்றார். ஏன். அண்ணன் குரலுக்கு ஏன் தெரியாது. அதனிடம் இருப்பதெல்லாம் அதாவதுதான். அதாவது இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று சொல்லலாம், சொன்னால் அடுத்த மாசம் கொடுப்பார், லெட்டரைத்தான் தள்ளிப்போட முடியும், அவர் மனசுக்குள் உட்கார்ந்திருக்கிற எட்டு புள்ளி ஆறை இந்தக் குரல் எடுக்காது, அதை வைத்தவள் எடுக்க வேண்டும். சார், லைன்ல இருக்கறீங்ளா என்றார். கண்டக்டர், மேடம், மைக்காரர் யாரும் வரவில்லை. என் குரல் எனக்கே சின்னதாக, சளி பிடித்த மாதிரிக் கேட்டது.

"நான் சார் இல்லைங்கண்ணா. சுகி. நேத்து வந்தது உங்க ரேடியேட்டர் நம்பர் இல்ல. காத்து பாக்கற வயர்ல வாய வெச்சு நான் வெளையாட்டுக்குப் பேசிட்டு இருந்தேன். என் மூச்சுச் சூட்டுல கம்மியா காட்டிருச்சு." பிரஸ் நாலு தடவை இறங்கியது, எண்ணினேன். "இதும் வெளையாட்டா, அம்முணி?" என்றார். இல்லைங்கண்ணா என்றேன். அஞ்சாவது, ஆறாவது. "அப்பறம் நெசமா எவ்வளவு?" மீட்டரைப் பார்த்தேன், எட்டு புள்ளி ஒன்பது. கூசிப்போய்விட்டது, நான் பேசப் பேச அது இறங்கியிருக்கிறது, உண்மையைச் சொன்ன மூச்சும் அதே சூடுதான். நான் பேசினால் அது தப்பாகக் காட்டும், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு போனை ஒயர் எட்டுகிற தூரம் இழுத்துப் பிடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மூக்கையும் வாயையும் கையால் பொத்திக்கொண்டேன். கண்ணை மட்டும் ஓரத்தில் கொண்டுவந்து மீட்டரைப் பார்த்தேன். அங்கே ஒரு கார்க் கதவு சாத்திய சத்தம், யாரோ கேட் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஒன்பது புள்ளி மூணு. மூச்சு முட்டியது, விரலிடுக்கில் கொஞ்சம் விட்டேன், சுவரில் பட்டது. ஒன்பது புள்ளி ஆறு, எட்டு, பத்து. கார் போய்விட்டது. பத்து புள்ளி ஒன்று. பத்து புள்ளி ஒன்று. அசையவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன். வெளிநாட்டது எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். "அரை டிகிரி" என்றார், எனக்கில்லை, பக்கத்தில் யாருக்கோ சொல்கிற மாதிரி. "சார் எட்டு சில்லறைன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. அந்தக் கீழ் வரிசைல பத்தவெக்கறப்ப ஈயம் சாஸ்தியாப் போயிருச்சு, அது எனக்குத் தெரியும். செஞ்சவனுக்குத் தெரியாதா." நல்லவேளை என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. லெட்டர் என்றேன். கையிலதான் இருக்குது, மேனேஜர் போயிட்டாரு என்றார். அப்புறம் சார்கிட்டச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார், இல்லைங்க என்றேன். "நீயே சொல்லீரு. நாஞ் சொன்னா நல்லாருக்காது" என்றார், கனைப்பு வந்தது, ஆனால் அதற்குப் பின்னால் வாக்கியம் எதுவும் வரவில்லை, போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஒரு நிமிஷம் இருபது விநாடி மீதி. இப்போது கதவைத் திறந்தால் ஓட்டம் கெட்டுவிடும், அதனால் திறக்கக் கூடாது, அண்ணன் சட்டம். இவ்வளவு நாளில் அவன் சட்டம் எனக்கு இவ்வளவு பிடித்ததே இல்லை. நான் குனிந்த நாலு நிமிஷம் எப்படியும் சராசரியைக் கெடுத்துவிட்டது, இந்த எண்ணைக் கணக்கில் எடுக்க முடியாது, இன்னொரு தடவை ஓட்டித்தான் ஆக வேண்டும், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். வோல்டேஜ் விழுந்தது, திருகைத் திருப்பினேன், முந்நூறு. கடிகாரம் கத்தியது. நோட்டில் தேதி போட்டு, பத்து புள்ளி ஒன்று, அதற்குப் பக்கத்தில் 3.49 முதல் 3.53 வரை ஆள் பேசியது, சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். நேற்றைய வரியில் எட்டு புள்ளி ஆறை அடித்துவிட்டு அங்கேயும் ஆள் பேசியது என்று எழுதினேன். ஆள் என்பதை அடித்துவிட்டு சுகிர்தா என்று எழுதினேன். காலால் துண்டைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். அண்ணன் நாற்காலியில் இல்லை, கதவை ஒட்டியே நின்றிருந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, ஹால் விசிறிக் காற்று அவனைத் தாண்டி என் முகத்தில் அடித்தது. அவன் எண்ணைக் கேட்கவில்லை, என் கையில் இருந்த நோட்டையும் பார்க்கவில்லை.

"உள்ள நான் யார்கிட்டப் பேசிட்டிருந்தேன்?" என்றான். அதாவது இல்லாமல் அவன் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வெள்ளிங்கிரி அண்ணன்கிட்ட" என்றேன். "லெட்டர் குடுக்க வேண்டாம்னு நீ சொல்லிட்ட. ஏன்னு நான் சொல்லிட்டேன்."